இரண்டு கடலுக்கும் ஒரே பலகை: ராமநாதபுரம் கரையில் முதல் கைட் போர்டு வாங்குவது எப்படி

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணங்கள் பின்னால் வரும். 65 முதல் 80 கிலோ வரை எடையுள்ள ஒருவர் ராமநாதபுரம் கரையில் இரண்டு காற்றுப் பருவத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு கைட் பலகை வாங்குவதென்றால், 138 செ.மீ. நீளம், 41 செ.மீ. அகலம் என்ற அளவை ஒட்டிய ட்வின்டிப் போதும். வளைவும் நடுத்தரம், விறைப்பும் நடுத்தரம். வீடியோவில் பறந்து சுழல்பவர்களின் காலில் இருக்கும் விறைப்பான பலகை இப்போதைக்கு வேண்டாம்.

ட்வின்டிப் என்றால் இரு முனையும் ஒரே மாதிரி இருக்கும் பலகை. இடப்பக்கம் போய்விட்டு வலப்பக்கம் திரும்பும்போது காலை மாற்ற வேண்டியதில்லை. காற்றுப்பட்டத்தால் இழுபட்டு நீரில் வழுக்கும் இந்த விளையாட்டைக் கற்கும் எல்லாரும் இதில்தான் தொடங்குகிறார்கள். தொடங்கிய பின்னும் பலர் கடைசிவரை இதிலேயே இருக்கிறார்கள், அதில் குறை ஒன்றும் இல்லை.

கடையில் பலகையைப் புரட்டிப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: நீங்கள் அதிகம் ஓட்டப்போவது எந்தத் தண்ணீர்?

எந்தக் கடல், எந்தக் காற்று

நம் மாவட்டத்தில் இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. தனுஷ்கோடியில் இரண்டுக்கும் நடுவே ஒரு மணல் நாக்குதான் இருக்கிறது. அங்குள்ளவர்கள் பாக் பக்கத்தைப் பெண் கடல் என்றும் மன்னார் பக்கத்தை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். பலகை வாங்குபவருக்கு இந்த இரண்டின் குணமும் தெரிந்திருக்க வேண்டும்.

பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். பெரும்பாலான இடங்களில் 15 மீட்டரைத் தாண்டாது. டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்கிலிருந்து வாடை அடிக்கும்போது, பிரப்பன்வலசை, அரியமான், மண்டபத்தின் வடகரை எல்லாம் காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கும். ஆழம் இல்லாததால் அலை நீண்டு உருள முடியாது. குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன் முதுகில் ஒன்று ஏறி வரும். முழங்கால் உயரம்கூட இருக்காது, ஆனால் விட்டு விட்டு அடித்துக்கொண்டே இருக்கும். புதியவர்களைச் சோர்வடைய வைப்பது பெரிய அலை இல்லை, இந்தக் குட்டை அலைதான். பலகை தட்டிக்கொண்டே போகும், விளிம்பு நீரில் பிடிக்காது, அரை மணி நேரத்தில் முழங்கால் கெஞ்சத் தொடங்கும்.

மே மாதத்தில் காற்று மாறும். தென்மேற்கிலிருந்து கச்சான் ஏறி செப்டம்பர் வரை நிற்கும். இப்போது தெற்குக் கரைக்கு அலை வரும், அதுவும் திறந்த கடலிலிருந்து வரும் நீண்ட அலை. அதே காற்று தனுஷ்கோடி மணல் திட்டைத் தாண்டி பாக் பக்கம் இறங்கும்போது, திட்டு தாழ்வாக இருப்பதால் காற்று அவ்வளவாகக் குலையாது. அலை மட்டும் தடுக்கப்படும். அதனால் திட்டை ஒட்டிய வடபக்கத்தில் தட்டையான தண்ணீர் கிடைக்கிறது. வெளியூரிலிருந்து வருபவர்கள் படம் எடுத்துப் போடுவது பெரும்பாலும் இந்தத் தண்ணீரைத்தான்.

இங்கே பலகையை விட முக்கியமான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தத் தட்டைத் தண்ணீரில் காற்று உங்களைக் கரையிலிருந்து வெளியே தள்ளுகிறது. கயிறு அறுந்தாலோ, பட்டம் காற்றிழந்தாலோ, நீங்கள் போய்ச் சேரும் இடம் கரை இல்லை. தலைமன்னார் அங்கிருந்து சுமார் 30 கி.மீ. தூரம், கடல் எல்லை அதற்கும் முன்னால் வந்துவிடும். மீட்புப் படகு தண்ணீரில் தயாராக நிற்காமல் அப்படிப்பட்ட காற்றில் இறங்கவே கூடாது. எவ்வளவு நல்ல பலகையும் இதற்கு மாற்று ஆகாது.

எந்த இடத்தில் இறங்கினாலும் கரையில் இருக்கும் மீனவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். "அண்ணே, இன்னிக்கு காத்து எப்படி?" என்றால், "மதியத்துக்கு மேல ஏறும் தம்பி, நீவாடு கிழக்க இழுக்குது, பாத்துப் போங்க" என்று பதில் வரும். காற்றின் வேகத்தைக் கைபேசியில் பார்த்துக்கொள்ளலாம். நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை அவர்கள் அளவுக்கு எந்தச் செயலியும் சொல்லாது. கரைவலை இழுக்கும் இடத்திலும், பாசி வளர்க்கும் மூங்கில் தெப்பங்கள் மிதக்கும் இடத்திலும் பட்டத்தைத் தூக்காதீர்கள். உங்கள் கயிறு 20 முதல் 24 மீட்டர் நீளம். அது ஒரு வலையிலோ மனிதர் மேலோ விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அது அவர்களுக்குச் சோறு போடும் இடம்.

மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை வரிசையாக உள்ள 21 தீவுகளும் 1986-இல் தேசியக் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அவற்றில் கால் வைக்க அனுமதி இல்லை. தனுஷ்கோடிப் பகுதியில் 2025-இல் பூநாரைகளுக்கு ஒரு சரணாலயமும் அறிவித்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் பறவைகள் இறங்கியிருக்கும் நீர்நிலைக்குப் பக்கத்தில் பட்டம் விட்டால் கூட்டமே கலைந்து போகும். எங்கே இறங்கலாம் என்று வனத்துறையிடம் கேட்டுவிட்டு இறங்குவதே சரி.

சரி, பலகைக்கு வருவோம். மேலே சொன்னதிலிருந்து ஒரு முடிவு கிடைக்கிறது. இந்தக் கரையில் உங்களுக்கு அதிகம் கிடைக்கப்போவது குட்டை அலைத் தண்ணீர். தட்டைத் தண்ணீர் சில மாதம், சில இடம். ஆகவே நீங்கள் அதிகம் படப்போகும் கஷ்டத்துக்கு ஏற்ற பலகையை வாங்குங்கள். தட்டைத் தண்ணீரில் எந்தப் பலகையும் நன்றாகவே ஓடும்.

எடையும் அளவும்

உடல் எடைதான் முதல் அளவு, உயரம் அல்ல. 50 முதல் 62 கிலோ என்றால் 132 முதல் 136 செ.மீ. நீளம், 39 அல்லது 40 செ.மீ. அகலம். 65 முதல் 80 கிலோவுக்கு 136 முதல் 140, அகலம் 40 முதல் 42. அதற்கு மேல் எடையுள்ளவர்கள் 142-க்கு மேலும் 43 செ.மீ. வாக்கிலும் பார்க்கலாம். இப்போதுதான் பயிற்சி முடித்தவர் என்றால் ஒரு படி பெரியதை எடுங்கள். பெரிய பலகை குறைந்த வேகத்திலேயே நீர்மேல் எழுந்து வழுக்கும். காற்றுக்கு எதிராக ஏறி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதும் எளிது. அது கைவரும் வரை ஒவ்வொரு சுற்றுக்கும் கரையோடு நடந்தே திரும்ப வேண்டியிருக்கும்.

எல்லாரும் நீளத்தைப் பேசுவார்கள், அகலத்தை விட்டுவிடுவார்கள். நீளம் ஒரு செ.மீ. கூடினால் பலகையின் பரப்பு சுமார் 40 சதுர செ.மீ. கூடும். அகலம் ஒரு செ.மீ. கூடினால் 130-க்கும் மேல் கூடும். அதாவது அகலத்தில் வரும் சின்ன மாற்றம் மூன்று மடங்கு வேலை செய்கிறது. 138 × 39 பலகையும் 138 × 42 பலகையும் காலுக்கு இரண்டு வெவ்வேறு பொருட்கள்.

அதற்காக மிகப் பெரியதை வாங்கிவிடவும் கூடாது. கச்சான் 25 நாட்டுக்கு மேல் ஏறும் நாளில் (ஒரு நாட் என்றால் மணிக்கு 1.85 கி.மீ.) அகலமான பலகையின் விளிம்பை நீரில் அழுத்திப் பிடிக்க முடியாது. அது உங்களை அலையின் மேல் எற்றிக்கொண்டே போகும். அந்த இடத்தில்தான் விழுவதும் அடிபடுவதும்.

பட்டத்தின் அளவும் இதோடு சேர்ந்ததுதான். 70 - 75 கிலோ எடையுள்ளவருக்கு 12 முதல் 18 நாட் காற்றில் 12 சதுர மீட்டர் பட்டம், 18 முதல் 25 நாட் காற்றில் 9 சதுர மீட்டர் பட்டம் என்பது பொதுவான கணக்கு. பட்டம் சரியில்லாமல் பலகையைக் குறை சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். காற்று போதவில்லை என்றால் பெரிய பட்டம் கேளுங்கள், உடனே பலகையை மாற்ற ஓடாதீர்கள்.

வளைவு, விறைப்பு: பலகையின் குணம் இங்கேதான்

பலகையைத் தரையில் வைத்துப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். நடுப்பகுதி தரையைத் தொடும், முனைகள் மேலெழுந்திருக்கும். இதை ராக்கர் என்கிறார்கள். வளைவு குறைந்த பலகை சீக்கிரம் எழும்பும், வேகமாக ஓடும், காற்றுக்கு எதிராக நன்றாக ஏறும். ஆனால் குட்டை அலையில் முனை போய்க் குத்தும், ஒவ்வொரு அடியும் குதிகால் வரை வரும். வளைவு கூடிய பலகை அலை மேல் ஏறி இறங்கும், தாவி இறங்கும்போது மென்மையாக இறங்கும், திருப்பங்களில் சுலபமாகச் சுற்றும். விலையாகக் கொஞ்சம் வேகத்தையும் ஏற்றத்தையும் கொடுக்க வேண்டும். வாடைக் காலத்தில் பிரப்பன்வலசைப் பக்கம் ஓட்டுபவர்களுக்கு நடுத்தரத்திலிருந்து சற்றுக் கூடுதல் வளைவு நிம்மதி தரும். லேசான காற்றிலேயே பெரும்பாலும் இறங்குபவருக்குக் குறைந்த வளைவு நல்லது. இரண்டு பலகைகளை அருகருகே வைத்து ஒப்பிட்டால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

விறைப்பு இன்னும் முக்கியம். பலகையின் உள்ளே பெரும்பாலும் பவுலோனியா போன்ற லேசான மரம் இருக்கும். அதன் மேல் கண்ணாடி இழை, விலை கூடினால் கார்பன் இழை. கார்பன் கூடக்கூடப் பொதுவாக எடை குறையும், விறைப்பு ஏறும். விறைப்பான பலகையை அழுத்தி விட்டால் நன்றாக எற்றித் தூக்கும், தாவுவதற்கு ஏற்றது. அதே விறைப்பு குட்டை அலையின் ஒவ்வொரு தட்டையும் அப்படியே முழங்காலுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். வளைந்து கொடுக்கும் பலகை அந்த அடியைத் தன் உடம்பில் வாங்கிக்கொள்கிறது, மாட்டு வண்டிக்கும் வில்வண்டிக்கும் உள்ள வித்தியாசம் அது.

சோதிப்பது எளிது. பலகையின் இரு முனைகளுக்கும் கீழே ஒவ்வொரு செங்கல் வையுங்கள், நடுவில் உள்ளங்கையால் அழுத்துங்கள். உடல் பாரத்தைக் கொஞ்சம் கொடுத்ததும் வளைந்து கொடுத்து, விட்டதும் உடனே திரும்பினால் நடுத்தரம். அசையவே இல்லை என்றால் அது உங்களுக்கான பலகை இல்லை. தொய்ந்து போய் மெதுவாகத் திரும்பினால் பழசாகி உயிர் போய்விட்டது என்று பொருள்.

பெயர் கேட்பவர்களுக்காக: நார்த் ப்ரைம், கேப்ரின்ஹா ஸ்பெக்ட்ரம் போன்றவை கற்றுத் தேறுபவர்களை மனதில் வைத்துச் செய்தவை. நார்த் ஆட்மோஸ், கோர் ஃப்யூஷன் போன்றவை அதற்கு அடுத்த கட்டம், வேகமும் தாவலும் வேண்டும் என்பவர்களுக்கு. முதல் பலகைக்கு முதல் வகையே என் தேர்வு. இரண்டாம் வகையை ஓராண்டு கழித்து யோசிக்கலாம்.

விளிம்பும் ஃபின்னும்

மேலிருந்து பார்க்கும்போது பக்கவாட்டு விளிம்பு நேராக இருந்தால் அந்தப் பலகை நேராகப் பிடித்து ஓடும். விளிம்பு வளைந்திருந்தால் திரும்புவது சுகம். விளிம்பை அழுத்தி வில் போல வளைத்துத் திரும்பும் ஆசை உள்ளவர்கள் சற்று வளைந்த விளிம்பைத் தேடுங்கள். அடிப்பக்கத்தில் இருக்கும் குழிவும் முனைகளில் இருக்கும் வரிப்பள்ளங்களும் பிடிமானத்துக்காக. புதியவருக்கு இதில் பெரிய வேறுபாடு தெரியாது, இதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

ஃபின் என்பது பலகையின் அடியில் பொருத்தும், மீன் துடுப்பு போன்ற சிறு தகடு. அந்த விஷயத்தில் நம் கரைக்கென்று ஒரு கணக்கு உண்டு. வழக்கமாக நான்கு ஃபின், 4 முதல் 5 செ.மீ. உயரம். பெரிய ஃபின் புதியவருக்குப் பிடிமானம் தரும். ஆனால் பாக் விரிகுடாவின் அடியில் கடற்புல் படுகைகள் பரவிக் கிடக்கின்றன. கரையோரம் முழங்கால் ஆழம்கூட இல்லாத மணல் மேடுகளும் நிறைய. கழன்று மிதக்கும் புல் ஃபின்னில் சுற்றிக்கொண்டால் பலகை திடீரென்று இழுபடும். மேட்டில் தட்டினால் ஃபின் மட்டும் போகாது, அது பொருத்திய இடத்தில் பலகையும் விரியும். அதனால் 4 செ.மீ. வாக்கில் உள்ளதைப் போட்டுக்கொண்டு, மாற்று ஜோடி ஒன்றைப் பையில் வைத்திருங்கள். தண்ணீர் முழங்கால் ஆழத்தை விடக் குறையும் முன்பே நிறுத்திப் பலகையைக் கையில் எடுத்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிட வேண்டும். கடற்புல்லை மேய வரும் ஆவுளியா (கடற்பசு) வாழும் கடல் இது, ஆகவே அந்தப் படுகைகளைக் கிழித்துக்கொண்டு ஓட்டாதிருப்பது நம் கடமையும்கூட.

பாதம் வைக்கும் மெத்தையும் பாதத்தைப் பிடித்துக்கொள்ளும் பட்டையான ஸ்ட்ராப்பும் உங்கள் காலுக்குப் பொருந்துகிறதா என்று நனைந்த காலோடு பாருங்கள். காய்ந்த காலில் இறுக்கமாகத் தெரிவது தண்ணீரில் நழுவும். விழும்போது கால் தானாகக் கழன்று வர வேண்டும், அந்த அளவுதான் இறுக்கம். பலகையைக் கயிறு போட்டு உடம்போடு கட்டிக்கொள்ளலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கட்டாதீர்கள். விழும்போது அந்தக் கயிறு இழுபட்டுத் தெறித்துப் பலகை தலையில் வந்து மோதும். பலகை கையை விட்டுப் போனால் பட்டத்தின் இழுவையில் உடம்பால் நீந்திப் போய் எடுக்கும் முறையைப் பயிற்சியிலேயே கற்றுக்கொடுப்பார்கள். அது தெரியாமல் பலகை வாங்குவதில் அர்த்தம் இல்லை. ஒருவர் தனியாக நீரில் எழுந்து ஓட்டுவதற்குப் பொதுவாக 9 முதல் 12 மணி நேரப் பயிற்சி தேவைப்படும்.

வாங்கும் முன் ஓட்டிப் பாருங்கள்

இதை யாரும் செய்வதில்லை, செய்தால் பாதிக் குழப்பம் தீரும். பயிற்சி மையங்களில் பலகை வாடகைக்குக் கிடைக்கும். ஒரே நாளில், ஒரே பட்டத்தில், இரண்டு வெவ்வேறு பலகைகளை மாற்றி மாற்றி எடுங்கள். காற்று 15 முதல் 20 நாட்டுக்குள் இருக்கும் நாள் நல்லது. முதலில் காற்றுக்கு எதிராக ஒரு படகையோ கம்பத்தையோ குறி வைத்து ஏறிப் பாருங்கள், எதில் குறைந்த சுற்றுகளில் போய்ச் சேருகிறீர்கள்? அப்புறம் வேண்டுமென்றே அலை நெருக்கமான இடத்துக்குப் போய், வேகத்தைக் குறைக்காமல் நேராக ஓட்டுங்கள். அங்கே முழங்காலும் கணுக்காலும் சொல்வதைக் கேளுங்கள். கடைசியாகக் குதிகால் பக்கமும் விரல் பக்கமும் மாற்றி மாற்றி அழுத்தித் திரும்புங்கள். காற்று சட்டென்று கூடும் நொடியில் எந்தப் பலகையின் விளிம்பு நீரில் நின்றது, எது நழுவியது என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். களைத்த பிறகு மறுபடி ஒரு முறை எடுங்கள். களைப்பிலும் உங்களைப் பத்திரமாகக் கரை சேர்க்கும் பலகையே உங்கள் பலகை.

பழைய பலகை வாங்குவது தவறில்லை, நானே அதைத்தான் பரிந்துரைப்பேன். பருவம் முடியும் சமயத்தில் மையங்களும் பழகியவர்களும் விற்பார்கள். விளிம்பு முழுவதும் விரலால் தடவுங்கள். வெடிப்பு இருந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே போய் மரத்தை ஊறவைத்திருக்கும். விரல் முட்டியால் பலகை நெடுகத் தட்டிக்கொண்டே வாருங்கள், ஓர் இடத்தில் மட்டும் சத்தம் மந்தமாக மாறினால் அங்கே அடுக்கு பிரிந்திருக்கிறது. ஃபின் பொருத்தும் இடத்தைச் சுற்றிக் கீறல் இருக்கிறதா பாருங்கள். மேல்பூச்சில் உள்ள சிராய்ப்புகளைப் பற்றிக் கவலை வேண்டாம்.

இரண்டாவது பலகை எப்போது என்றால், முதலாவது எதைச் செய்யவில்லை என்று உங்களால் தெளிவாகச் சொல்ல முடியும்போது. காற்று 10 - 12 நாட்டில் நின்றுவிடும் நாட்களில் ஏங்குகிறீர்கள் என்றால் 150 செ.மீ.க்கு மேல் நீளமும் 45 செ.மீ. வாக்கில் அகலமும் உள்ள லேசான காற்றுப் பலகை. கச்சான் காலத்துத் தெற்குக் கரை அலையில் ஏறி விளையாட ஆசை என்றால், அலைப் பலகை என்று தனியாக ஒன்று உண்டு, முன்னும் பின்னும் வேறாக இருக்கும், ஸ்ட்ராப் இல்லாமலும் ஓட்டுவார்கள். ஃபாயில் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024-இல் கைட் போட்டி ஃபாயிலில்தான் நடந்தது, அதனால் வந்த ஆர்வம். நீருக்கடியில் முக்கால் மீட்டரோ அதற்கு மேலோ நீளும் தண்டும் அதன் நுனியில் சிறகும் உள்ள கருவி அது. பாக் பக்கக் கரையோரத்தின் ஆழத்துக்கும் கடற்புல்லுக்கும் புதியவர் கையில் அது ஒத்துவராது.

வாங்கி வந்ததும் முதல் வேலை, ஸ்ட்ராப்பையும் ஃபின்னையும் பிடித்திருக்கும் திருகுகளை எல்லாம் கழற்றித் துடைத்து, துளி கிரீஸ் தடவி மறுபடி போடுவது. துரு ஏறி இறுகிவிட்டால் பிறகு பலகையைக் குடைந்துதான் எடுக்க வேண்டும். நல்ல தண்ணீர் கிடைப்பது கடினமான ஊர்கள் நம்முடையவை, ஆகவே குழாயைத் திறந்துவிட்டுக் கழுவ வேண்டாம். அரை வாளித் தண்ணீரும் ஒரு துணியும் போதும், திருகு உள்ள இடங்களில் மட்டும் ஊற்றித் துடையுங்கள். பலகையை நிழலில் சாய்த்து வையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் பட்டத்தை விட்டுவிட்டுப் போகாதீர்கள், அந்தச் சூட்டில் காற்றடைக்கும் வால்வின் பசை இளகிக் கழன்றுவிடும்.